டாட்டா சொல்லிட்டுக் கிளம்புங்க: பிளே ஸ்கூலின் முதல் சில வாரங்கள்

ஜூன் பிறந்துவிட்டால் நமக்கு வரும் குரல் பதிவுகளில் பாதி ஒரே கேள்விதான். "பையனுக்கு ரெண்டே முக்கால் வயசு. பிளே ஸ்கூல்ல சேர்த்திருக்கோம். கேட்டைப் பார்த்ததுமே கத்திக் கூப்பாடு போடறான். என்ன பண்றது?" விஜயதசமி அட்மிஷன் முடிந்ததும் இதே கேள்வி இன்னொரு சுற்று வரும். அதனால் இந்த எபிசோடு முழுக்க அந்த முதல் சில வாரங்களைப் பற்றித்தான். எந்த ஸ்கூல் நல்லது, ஃபீஸ் எவ்வளவு என்ற பக்கம் போகப்போவதில்லை.

முதலில் அந்த அழுகை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கைக்குழந்தைக்குக் கண்ணில் படாத பொருள் இல்லாத பொருள். பந்தைத் துணிக்குள் மறைத்தால் தேடாது. எட்டு மாதத்தை ஒட்டித்தான் "மறைஞ்சாலும் அது அங்கதான் இருக்கு" என்பது புரிய ஆரம்பிக்கிறது. இதை விரிவாக எழுதியவர் ழான் பியாஜே. இந்தப் புரிதல் வரும் காலத்தில்தான் அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாலும் அழும் பழக்கமும் வருகிறது. அம்மா இருக்கிறாள், ஆனால் இங்கே இல்லை. அதுதான் பிரச்சனை.

இரண்டரை வயதில் குழந்தைக்கு இது நன்றாகவே தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: எப்போது திரும்பி வருவீர்கள் என்பது. "பன்னெண்டு மணிக்கு வரேன்" என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. கடிகாரம் அந்த வயதின் பொருள் இல்லை. "பாட்டு பாடுவீங்க, மணல்ல விளையாடுவீங்க, டப்பால இருக்கற இட்லி சாப்பிடுவீங்க, அப்புறம் அம்மா வந்துடுவேன்" என்று வரிசையாகச் சொன்னால் பிடித்துக்கொள்ளும். குழந்தைக்கு நேரம் என்றால் ஒன்றுக்கு அடுத்து இன்னொன்று நடப்பதுதான். அதனால் சொன்ன வரிசை மாறக் கூடாது. இட்லிக்கு அப்புறம் வருவேன் என்று சொல்லிவிட்டு, மதியத் தூக்கமும் முடிந்து சாவகாசமாகப் போய் நிற்காதீர்கள்.

இப்போது நம் வீடுகளில் ரொம்பச் சகஜமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நைசாக நழுவிவிடுவது. சில ஸ்கூல்களிலேயே "நீங்க போயிடுங்க, அவன் கவனிக்க மாட்டான்" என்பார்கள். சொல்பவர்களுக்கு நல்ல எண்ணம்தான். அழுகைச் சத்தம் அன்றைக்கு ஐந்து நிமிடம் குறையும் என்பதும் உண்மை. ஆனால் குழந்தையின் பக்கத்தில் இருந்து யோசியுங்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. இதிலிருந்து அது கற்றுக்கொள்வது, "நான் விளையாட ஆரம்பிச்சா அம்மா காணாமப் போயிடுவா" என்பதை. அடுத்த நாள் பொம்மையையே தொடாது, புடவைத் தலைப்பை விடாது. வீட்டில் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டும். "கடைக்குப் போயிட்டு இதோ வந்துடறேன்" என்ற பொய்யும் இதே வகைதான். கடைக்குப் போனவர் மூன்று மணி நேரம் வரவில்லை என்றால், அப்புறம் நீங்கள் நிஜமாகவே கடைக்குப் போகும்போதும் அழுகைதான்.

அதனால் டாட்டா சொல்லுங்கள். முகத்தைப் பார்த்து, ஒரு முத்தம் கொடுத்து, "சாப்பிட்டதும் வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு நிமிடம் போதும். அழும், அழட்டும், மிஸ் தூக்கிக்கொள்வார். நீங்கள் போய்விட்டு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மனசு கேட்காமல் மறுபடி உள்ளே வந்தால் அது இரண்டு தடவை பிரிந்த கணக்கு. வாசலில் நீங்களும் கண் கலங்கினால் "இது பயப்பட வேண்டிய இடம்தான் போல" என்று அது முடிவு பண்ணிவிடும். கலங்குவதில் தப்பே இல்லை, தெருமுனை தாண்டி வைத்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் இதற்கு ஒரு முறையே இருக்கிறது, பெர்லின் பழக்க முறை என்று பெயர். முதல் மூன்று நாள் அப்பாவோ அம்மாவோ கூடவே உட்கார்ந்திருப்பார்கள், பிரிவே கிடையாது. நான்காம் நாள்தான் முதல்முறையாக, சொல்லிவிட்டு, அதிகபட்சம் அரை மணி நேரம் வெளியே போவார்கள். குழந்தையை டீச்சரால் சமாதானப்படுத்த முடிகிறதா என்று பார்த்துத்தான் நேரத்தைக் கூட்டுவார்கள். நம் ஊர் பிளே ஸ்கூலில் மூன்று நாள் உள்ளே உட்கார விட மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் "முதல் வாரம் ஒரு மணி நேரம் மட்டும் விடறோம்" என்று கேட்டால் பல இடங்களில் சம்மதிப்பார்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: ஒரு மிஸ்ஸுக்கு எத்தனை குழந்தைகள்? 2013-இல் வந்த மத்திய அரசின் முன்பருவக் கல்விக் கொள்கை மூன்று வயதுக்குக் கீழே 10 குழந்தைக்கு ஒருவர், மூன்று முதல் ஆறு வயதுக்கு 20 பேருக்கு ஒருவர் என்கிறது. அழும் குழந்தையைத் தூக்க ஒரு கை காலியாக இருக்க வேண்டும் இல்லையா?

ஸ்கூலில் சேர்ப்பதற்கு முன்னால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ஏ பி சி டி எல்லாம் தேவையே இல்லை. "தண்ணி வேணும்", "அம்மா வா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசினால் நல்லது. ஸ்பூனோ கையோ, சிந்திச் சிந்தியாவது தானாகச் சாப்பிடப் பழகட்டும். டிபன் டப்பாவை அதுவே திறக்க முடிகிறதா என்று வீட்டில் பாருங்கள். அழகான நாலு அறை டப்பா வாங்கிக் கொடுத்து, மூடியைத் திறக்க முடியாமல் பட்டினியாகத் திரும்பி வரும் குழந்தைகள் உண்டு.

அப்புறம், பலரும் யோசிக்காத ஒன்று. உங்கள் வீட்டில் ஒண்ணுக்குப் போவதற்கு என்ன சொல்? மூச்சாவா, உச்சாவா, சூச்சூவா? மிஸ்ஸுக்கு அது தெரிய வேண்டும். அங்கே "மே ஐ கோ டு டாய்லெட்" என்று பழக்குவார்கள், அது வர மாதக்கணக்காகும். அதுவரை குழந்தை தன் சொல்லைத்தான் சொல்லும், மிஸ்ஸுக்குப் புரியாது, டிராயர் நனையும். ஒரு சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள். மாற்று உடை இரண்டு செட் வையுங்கள்.

இனி அடுத்த கட்டம். சில குழந்தைகள் முதல் மூன்று நாள் சிரித்துக்கொண்டே போகும். புது பேக், புது சறுக்குமரம். இரண்டாவது வாரம் திடீரென்று "ஸ்கூல் வேணாம்" என்று உருளும். ஸ்கூலில் ஏதோ நடந்துவிட்டதோ என்று பதறுவோம். விசாரிப்பது சரிதான். ஆனால் பெரும்பாலும் அதற்குக் காரணம், இது ஒருநாள் கூத்து இல்லை, தினமும் வரணும் என்று அதற்குப் புரிந்ததுதான்.

இன்னொன்று, "ஸ்கூல்ல சமத்தா இருந்தாளாம், வீட்டுக்கு வந்ததும் ஆடறா" என்பது. காலை முழுக்கப் புது முகம், புது மொழி, வரிசையில் நில் என்ற கட்டுப்பாடு. அடக்கி வைத்ததெல்லாம் உங்களைப் பார்த்ததும் கொட்டும், ஏனென்றால் உங்களிடம்தான் கொட்ட முடியும். வண்டியில் ஏற்றியதும் "இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க, யார்கூட விளையாடினே" என்று விசாரணையை ஆரம்பிக்காதீர்கள். முதலில் தின்ன ஏதாவது கொடுங்கள். ஒரு வாழைப்பழம் போதும். மூன்று வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுப்பப்பட்ட குழந்தை வாசலில் அழுவதற்கு ஸ்கூல் காரணம் இல்லை.

சளி, காய்ச்சல் வரும். முதல் வருடத்தில் எட்டு, பத்து தடவை சளி பிடிப்பது சாதாரணம்தான். காய்ச்சலுக்காக நாலு நாள் லீவு போட்டுவிட்டுப் போனால் அழுகை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பொங்கல் லீவு முடிந்தாலும் அப்படித்தான்.

ஒரு மாதம், ஒன்றரை மாதம் தாண்டியும் நாள் முழுக்க அழுகிறது, அங்கே ஒரு வாய் சாப்பிடுவதில்லை என்றால் ஸ்கூலிலும் குழந்தை டாக்டரிடமும் பேசுங்கள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த சொற்கள் குறைந்துபோனால், கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால், ஒன்றரை மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக, மதுரையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்: "அவங்க தாத்தா கொண்டு போய் விட்டா அழறதே இல்லை. நான் விட்டா மட்டும் அழறான். என்னைவிட தாத்தாதான் பிடிக்குமோ?" இல்லைங்க. யாரை விட்டுப் பிரிவது கஷ்டமோ அவரிடம்தான் அழும். வேலைக்குப் போகும் அம்மாவுக்கு இந்தச் சந்தேகம் எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். இரண்டு வாரம் காலையில் தாத்தாவே விடட்டும். முடிந்த நாட்களில் கூட்டி வர நீங்கள் போங்கள்.