முதலில் குழல், பிறகுதான் கட்டை

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மான் வேட்டைக்கென்று ஒரு தனிப் பருவம் திறக்கும். 1974-ல் தொடங்கிய பழக்கம். சக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறக்கும் 'பிளின்ட்லாக்' துப்பாக்கிக்கு மட்டுமே அதில் அனுமதி. தோட்டா கிடையாது, டெலஸ்கோப் கிடையாது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, ஈய உருண்டையைக் கம்பியால் அடிவரை தள்ளி, ஒருமுறை சுடலாம். தவறினால் மான் காத்திருக்காது.

நான் கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறையில் தொழில் பழகியவன். இப்போது பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய கொல்லர்கள் புகழ்பெற்ற நீளக்குழல் ரைஃபிளை உருவாக்கிய மாவட்டம் இது. இரும்பும் மரையும் என் பிழைப்பு என்பதால், இந்த ஊரில் இந்தத் துப்பாக்கியின் மேல் எனக்கு மோகம் வந்ததில் அதிசயமில்லை. அதனால்தானோ என்னவோ, வேட்டைக்குப் போக ஆசைப்படும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். போன மாதம்கூடப் பொள்ளாச்சிப் பையன் ஒருவர் கேட்டார்: "ஏனுங்கண்ணா, எந்தக் கம்பெனி மஸில்லோடர் நல்லதுங்க?"

"கம்பெனி கிடக்கட்டும் தம்பி. எந்தப் பருவத்துக்குப் போறீங்க, என்ன குண்டு போடப் போறீங்க, அதை முதல்ல சொல்லுங்க" என்றேன்.

இதுதான் விஷயத்தின் அடிவேர். மஸில்லோடர் எனப்படும் வாய்வழி கெட்டிக்கும் ரைஃபிளில் பாதியைச் சட்டமே தேர்ந்தெடுத்துவிடும். இதே பென்சில்வேனியாவில் அக்டோபரில் ஒரு வாரம் கொம்பில்லா மானுக்கு வேறொரு மஸில்லோடர் பருவம் உண்டு. அதில் நவீன 'இன்லைன்' ரகம், டெலஸ்கோப் எல்லாம் செல்லும். கொலராடோவில் மஸில்லோடர் பருவத்துக்கு டெலஸ்கோப் கூடாது, பிளாஸ்டிக் உறை போட்ட குண்டும் கூடாது. ஐடஹோவில் பற்றவைக்கும் இடம் வெளியே தெரிய வேண்டும். ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய துப்பாக்கி பக்கத்து மாநிலத்துக் காட்டில் சட்டவிரோதமாகிவிடலாம். வாங்கும் விஷயத்தில், 1968-ஆம் ஆண்டின் கூட்டரசுத் துப்பாக்கிச் சட்டம் மஸில்லோடரைப் பொதுவாகத் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் மாநிலச் சட்டங்கள் ஒன்றுபோல் இல்லை. விசாவில் இருப்பவர்கள் விசாரிக்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

நம் ஊரில் நரிக்குறவர் தோளில் பார்த்த நாட்டுத் துப்பாக்கியும் இதே இனம்தானே என்று கேட்பீர்கள். மருந்து கெட்டிக்கும் முறையில் ஆமாம். ஆனால் அதன் குழல் உள்ளே வழுவழுப்பாக இருக்கும். ரவையைப் போட்டுக் காடை கௌதாரி அடிக்க அது போதும். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இப்போது இந்தியாவில் பொதுவாக வேட்டைக்கு வழியில்லை என்பது வேறு கதை. ரைஃபிள் என்பது உள்ளே சுழல் பள்ளம் வெட்டிய குழல். குறி தவறாமல் போவதும் போகாததும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. கடைக்காரர் பெரும்பாலும் கட்டையின் வால்நட் மரத்தையும் பித்தளை வேலைப்பாட்டையும்தான் காட்டுவார். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "பள்ளம் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது?"

குண்டு பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே போனால்தான் நேராகப் போகும். உருண்டைக் குண்டுக்குக் கொஞ்சம் சுழற்சி போதும். 60 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகத் திரும்பும் ஆழமான பள்ளம் அதற்குப் பொருத்தம். எண்ணெய் தோய்த்த பருத்தித் துணித்துண்டில் பொதிந்துதான் அந்த உருண்டையை இறக்குவார்கள். பள்ளத்தைக் கவ்விப் பிடிப்பது துணிதான், ஈயம் இல்லை. பள்ளம் வேகமாகத் திரும்பினால், மருந்தைக் கூட்டிப் போடும்போது உருண்டை பள்ளத்தைப் பற்றாமல் வழுக்கிவிடும். நீளக் குண்டுக்குக் கதை நேர் எதிர். வேகமாகச் சுழலாவிட்டால் காற்றில் தடுமாறும். பிளாஸ்டிக் உறையில் வரும் நீளக் குண்டுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். இன்றைய இன்லைன் ரைஃபிள்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்குதான்.

இரண்டுக்கும் நடுவே 48 அங்குலம் என்று ஒரு சமரசம் இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த தாம்ப்ஸன் சென்டர் கம்பெனி 1970-ல் கொண்டுவந்த 'ஹாக்கன்' ரைஃபிளில் இதைத்தான் வைத்தார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் மலைவேட்டைக்காரர்களுக்குச் செய்து கொடுத்த துப்பாக்கியின் பெயரை எடுத்துக்கொண்ட நவீனப் படைப்பு அது. உருண்டையும் ஓடும், நீளக் குண்டும் ஓடும், இரண்டும் உச்சத்துக்குப் போகாது. மிதமான மருந்தோடு 75 கஜத்துக்குள் மான் அடிக்கிறவருக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே துப்பாக்கியால் எல்லாம் ஆக வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

குழல் சரியா என்று குறிப்பலகையைப் பார்ப்பதற்கு முன்பு நான் தரையைப் பார்ப்பேன். சுட்டவுடன் அந்தத் துணித்துண்டு சில கஜம் தள்ளி விழுந்து கிடக்கும். எடுத்து விரித்துப் பாருங்கள். நடுவில் கருத்து, ஓரம் சற்றுப் பிரிந்து, மற்றபடி முழுசாக இருந்தால் குழலும் குண்டும் ஒத்துப்போகின்றன என்று பொருள். பள்ளத்தின் கோடு கோடாக அறுந்திருந்தால் குழல்வாயின் விளிம்பு கூராக இருக்கிறது. புதுக் குழலில் இது சகஜம். நல்ல கொல்லர் நுண்ணிய உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்துக் கொடுத்துவிடுவார். ஓட்டையாகக் கருகியிருந்தால் துணி மெல்லிசு, அல்லது உருண்டை சிறிசு. 50 காலிபர் குழலுக்கு அங்குலத்தில் 0.490 விட்டமுள்ள உருண்டையும் 0.015 கனமுள்ள துணியும் வழக்கமான தொடக்கம். அந்த உருண்டை சுமார் 177 கிரெயின், அதாவது பதினொன்றரை கிராம். அங்கிருந்து துணியின் கனத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் வழி. எங்கள் தொழிலில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு அடித்துக்கொள்வோம், இங்கும் அதே சண்டைதான்.

பிளின்ட்லாக் வாங்குகிறவர் பொறி எழுப்பும் பாகத்தையும் சோதிக்க வேண்டும். கல் வந்து மோதும் எஃகுத் தகட்டை இங்கே 'ஃப்ரிஸன்' என்பார்கள். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, அதன் ஓரத்தில் மெல்லிய அரத்தை லேசாக வைத்து இழுங்கள். அரம் வழுக்கினால் தகடு நல்ல டெம்பரில் இருக்கிறது. கடித்தால் பச்சை இரும்பு, நல்ல பொறி வராது. மலிவு விலைப் பிளின்ட்லாக் பலவற்றின் நோய் இதுதான். குழலை எவ்வளவு நன்றாகத் துளைத்திருந்தாலும், விசையை இழுத்ததற்கும் வெடித்ததற்கும் இடையே நேரம் இழுத்தால் அதற்குள் உங்கள் கை ஆடிவிடும். மழையிலும் பனியிலும் பொறி விழும் சிறு கிண்ணத்து மருந்து நமுத்துப் போகாமல் இருக்கத் தோல் உறை ஒன்று கட்டாயம்.

இன்லைன் ரகத்தில் இந்தத் தொல்லை இல்லை. மிசௌரியில் டோனி நைட் என்ற துப்பாக்கிக் கொல்லர் 1985-ல் எம்கே-85 என்ற ரைஃபிளைக் கொண்டுவந்த பிறகு இந்த ரகம் பரவியது. மருந்துக்கு நேர் பின்னாலேயே நெருப்பு வைக்கும் அமைப்பு. இப்போதெல்லாம் ஷாட்கன் தோட்டாவின் 209 பிரைமர்தான் அங்கே உட்காருகிறது. ஈரத்திலும் வெடிக்கும். நல்ல குண்டும் டெலஸ்கோப்பும் இருந்தால் 150 கஜத்தில் நம்பிச் சுடலாம். பழமைவாதிகள் முகம் சுளிப்பார்கள். எனக்கும் கல் தட்டும் துப்பாக்கியின் மேல்தான் பிரியம். ஆனால் மிருகம் துடிக்காமல் சாக வேண்டும் என்பதில் இன்லைன் புதியவருக்கு நல்ல துணை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி உழைப்புக் கணக்கு. எரிந்த கரிமருந்தில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் உப்புக் கசடாக மிஞ்சுகிறது. புகையாக வெளியே போனது போக மீதி குழலில் ஒட்டிக்கொள்ளும். காற்றிலுள்ள ஈரத்தை அந்த உப்பு இழுக்கும். மறுநாளே துரு. மலைமேல் சுட்டுவிட்டுக் களைத்து வந்து படுத்துவிட்டால் போச்சு. கரிமருந்துக்கு வெந்நீரும் சோப்பும் போதும். தேய்த்து, நன்றாகக் காயவைத்து, எண்ணெய் போட வேண்டும். பிளாக்ஹார்ன் 209 என்ற நவீன மருந்து அந்த அளவுக்கு அரிக்காது. அதற்குத் தண்ணீர் அல்ல, தனிக் கரைப்பான். ட்ரிப்பிள் செவன், பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் சுத்தமாக எரியும் என்று விற்றாலும் அவற்றையும் அன்றே கழுவுங்கள். ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது: சாதாரணத் தோட்டாவில் போடும் புகையில்லா மருந்தை, அதற்கென்றே செய்யப்படாத மஸில்லோடரில் போட்டால் குழல் வெடிக்கும்.

நீடித்து உழைக்க வேண்டும் என்றால் கருநீலம் பூசிய எஃகைவிடத் துருப்பிடிக்காத எஃகு மேல். அதிலும் நைட்ரைட் செய்த குழல் இன்னும் மேல். சிவிஏ கம்பெனியின் அக்யூரா ரகத்தில் இது வருகிறது. இன்லைனில் அடிப்பக்கத் திருகு கையால் கழற்றக்கூடியதா என்று பாருங்கள். கழற்றினால் குழல் இரு பக்கமும் திறந்துவிடும், கழுவுவது பாதி வேலைதான். அந்த மரையில் கிரீஸ் போடாமல் ஒரு பருவம் விட்டால் பிறகு திருகு அசையாது. பைப் ரெஞ்ச் போட்டுத் திருகை உருட்டிக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய துப்பாக்கி வாங்குவது தவறே இல்லை. இங்குள்ள அடகுக் கடைகளில் ஹாக்கன் ரகம் அடிக்கடி கண்ணில் படும். ஆனால் கையில் எடுத்ததும் முதல் வேலை, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. பரணில் கெட்டித்தபடியே கிடந்து விற்பனைக்கு வருபவை உண்டு. கம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே விரலால் பிடித்து அடையாளம் வையுங்கள். வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்துப் பிடியுங்கள். நெருப்பு நுழையும் துளை வரை கம்பி எட்டவில்லை, சில விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது என்றால் உள்ளே குண்டு கிடக்கிறது. அப்படியே கீழே வைத்துக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.

காலி என்றால், இறுக்கமான துணியைக் கம்பியில் சுற்றி மெல்லத் தள்ளுங்கள். கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும். ஒரே சீரான இறுக்கத்தோடு இறங்க வேண்டும். நடுவில் எங்காவது சட்டென்று தளர்ந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது, வாங்காதீர்கள். அடியில் கரகரவென்று பிடித்தால் துரு தின்ற பள்ளம். கொஞ்சமாக இருந்தால் பேரம் பேசலாம்.

எடை, நீளம், கட்டையின் வளைவு எல்லாம் தோளில் வைத்துப் பார்த்து முடிவு செய்யும் விஷயங்கள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

பொள்ளாச்சித் தம்பிக்கு நான் சொன்ன முடிவை உங்களுக்கும் சொல்கிறேன். அக்டோபர் பருவத்துக்கு என்றால் 50 காலிபர், 28 அங்குலச் சுற்று, துருப்பிடிக்காத குழல் உள்ள நடுத்தர விலை இன்லைன் வாங்குங்கள். விலையுயர்ந்த டெலஸ்கோப்புக்கு வைத்திருந்த பணத்தை மருந்துக்கும் குண்டுக்கும் செலவழித்துப் பழகுங்கள். கிறிஸ்துமஸுக்குப் பிந்திய பருவத்துக்கு என்றால் நல்ல நிலையில் உள்ள பழைய ஹாக்கன் பிளின்ட்லாக். கையில் பணம் இருந்தால் இத்தாலியின் பெடர்சோலி கம்பெனித் துப்பாக்கி. இரண்டிலும் ஆசைப்பட்டால் முதலில் இன்லைன். ஆனால் எதை வாங்குவதற்கு முன்பும் 'ஹண்டர் ட்ராப்பர் எஜுகேஷன்' வகுப்பில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அதை முடிக்காத புதியவருக்கு பென்சில்வேனியாவில் வேட்டை லைசென்ஸ் கிடையாது. மஸில்லோடர் பருவத்துக்கு அந்த லைசென்ஸோடு தனி அனுமதிச்சீட்டும் வாங்க வேண்டும்.