விளையாட்டு வினையானது!

மதுரை விளாங்குடியானாலும் சரி, சென்னை மயிலாப்பூரானாலும் சரி, மார்கழி விடியலில் வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் பெண்மணியைப் பார்த்து, "இதனால் என்ன லாபம்?" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அதே வீட்டுப் பையன், "நான் சித்திரம் படிக்கப் போகிறேன்" என்று வாய் திறக்கட்டும்! "படம் போட்டால் சோறு கிடைக்குமா?" என்று அப்பா பொரிந்து தள்ளிவிடுவார்.

இந்தக் கேள்வி, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரையும் வாட்டியது. கெட்டிக்கார மாணவர்கள் படிப்பு முடிந்ததும் வயிற்றுப் பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்களே, என்ன செய்வது?

வழி பிறந்தது, சகோதரிகளே! துணியில் உருகிய மெழுகால் சித்திரம் எழுதிச் சாயத்தில் தோய்த்தார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகைப் போக்கினால் சித்திரம் பளிச்சென்று தெரியும். 'பாட்டிக்' என்பது இதுதான். இப்படிக் கைவேலைகளை விற்றுச் சேர்த்த பணத்தில், ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-ஆம் ஆண்டு சோழமண்டலம் ஓவியர் கிராமம் உதயமாயிற்று. கைவேலை அடுப்புக்கு, ஓவியம் மனசுக்கு!

பணிக்கரின் குறும்பைக் கேளுங்கள். 1963-இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையில் ஜாதகக் கட்டங்கள் இருக்கும், எண்கள் இருக்கும், மலையாள எழுத்துப் போன்ற கிறுக்கல்களும் இருக்கும். படிக்கப் போனால் ஒன்றும் புரியாது. பார்த்தால் கண் நிறையும். அவருடைய புதல்வர் நந்தகோபால் பௌதிகம் படித்துவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். பிறகு செம்பையும் பித்தளையையும் தட்டி, ஒட்டி, கோயில் நகைபோல் மினுமினுக்கும் சிற்பங்களைச் செய்தார்.

"நகையிலும் இப்படி விளையாட முடியுமா?" என்கிறீர்களா? அமெரிக்கச் சிற்பி அலெக்ஸாண்டர் கால்டர் சிறு பிள்ளையாயிருந்தபோது, தெருவில் கிடந்த செப்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கி, அக்காளின் பொம்மைகளுக்கு நகை செய்தார். பெரியவரானபின் ஓவியமும் தீட்டினார்; காற்றில் ஆடும் சிற்பங்களும் செய்தார்; ஆனாலும் அந்த விளையாட்டை விடவில்லை. பித்தளை, வெள்ளிக் கம்பிகளைச் சுத்தியலால் தட்டி வளைத்து, ஆயுளில் ஏறத்தாழ 1,800 நகைகளைச் செய்தார். 1955-இல் நம் ஆமதாபாத்துக்கு வந்து தங்கியும் வேலை செய்திருக்கிறார்!

ஆகையால், உங்கள் வீட்டுக் குழந்தை கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தால், "விளையாட்டு வினையாகும்" என்று பயமுறுத்தாதீர்கள். வினை என்றால் தொழில் என்றும் ஒரு பொருள் உண்டல்லவா?