நான்கு கட்டங்களும் ஒரு விசிறியும்

வரைபடத்தாளில் ஒரு புள்ளியின் இடத்தைக் குறிக்க இரண்டு எண்கள் போதும் என்று படித்திருப்பீர்கள். நொடித்துப்போகும் நிலையிலிருந்த ஒரு கணிப்பொறி நிறுவனத்துக்கு இதே முறை கைகொடுத்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

1993-ல் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் ஒரே கணிப்பொறியைக் குவாட்ரா 605, எல்சி 475, பெர்பார்மா 475 என மூன்று பெயர்களில் விற்றது. எதை வாங்குவது என்று மக்கள் குழம்பினர். வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 1997 நிதியாண்டில் நட்டம் 100 கோடி டாலரைத் தாண்டியது.

அவ்வாண்டு தலைமைப் பொறுப்பேற்ற ஸ்டீவ் ஜாப்ஸ் பல வகைகளை நிறுத்திவிட்டு, இரண்டே கேள்விகளை வைத்தார். பயன்படுத்துபவர் பொதுமக்களா, தொழில் வல்லுநரா? பொறி மேசைமேல் இருப்பதா, கையில் எடுத்துச் செல்வதா? இரண்டுக்கும் இரண்டிரண்டு விடைகள். ஆக நான்கு கட்டங்கள். மேசைப் பொறிகளில் பொதுமக்களுக்கு ஐமேக், வல்லுநருக்குப் பவர் மேக்கின்டாஷ். கைப் பொறிகளில் பொதுமக்களுக்கு ஐபுக், வல்லுநருக்குப் பவர்புக். 1998 நிதியாண்டிலேயே நிறுவனம் மீண்டும் லாபம் கண்டது.

சரி, பொதுமக்கள் பொறிக்கும் வல்லுநர் பொறிக்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது? வல்லுநர் பொறிக்கு மூளை வேறாக இருக்க வேண்டுமா? கட்டாயமில்லை. 2020-ல் வெளிவந்த மேக்புக் ஏர், 13 அங்குல மேக்புக் புரோ இரண்டிலும் இருந்தது எம்1 என்ற ஒரே வகைச் சில்லு. அதில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள்! முக்கிய வேறுபாடு ஒன்று: புரோவில் விசிறி உண்டு, ஏரில் இல்லை.

இங்கேதான் நம் இயற்பியல் வருகிறது. சில்லு செலவிடும் மின்னாற்றல் அநேகமாக முழுவதும் வெப்பமாக மாறுகிறது. கட்டுரை எழுதுவது போன்ற வேலைகளில் வெப்பம் குறைவு. அது உலோகப் பெட்டிவழியே கடந்து காற்றில் கலந்துவிடும். நீண்ட திரைப்படத்தைத் தொகுக்கும்போதோ சில்லு நெடுநேரம் முழு வேகத்தில் உழைக்கிறது. வெப்பம் வெளியேறுவதைவிட விரைவாக உண்டாகிறது; வெப்பநிலை ஏறுகிறது. ஓர் எல்லையை எட்டியதும் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறி காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றினால் வேகம் குறையாது.

நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டும் சமம். நெடுந்தூர ஓட்டத்தில்தான் புரோ முந்துகிறது. ஆகவே கணிப்பொறி வாங்கும்போது பெயரைக் கண்டு மயங்காதீர்கள். 'என் வேலைக்கு முழு வேகம் எவ்வளவு நேரம் தேவை?' என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.