கட்டி மகிழும் கலை

உணவும் உறக்கமும் உடலுக்கு எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது உள்ளத்திற்கு விளையாட்டு. விளையாட்டுகள் பல வகைப்படும். ஓடியாடி உடலை உரமாக்குவன ஒரு வகை. காய் நகர்த்தி எதிரியை வெல்வன மற்றொரு வகை. சிறு பொருள்களை ஒன்றோடொன்று இணைத்துப் புதியதொன்றை ஆக்கி மகிழ்வன மூன்றாம் வகை. முன்னைய இரண்டிலும் ஒருவர் வெல்ல மற்றொருவர் தோற்றல் வேண்டும். மூன்றாவதிலோ தோற்பவர் எவருமிலர். கட்டி முடித்தவன் மகிழ்கின்றான்; கண்டவர்களும் மகிழ்கின்றனர். இவ்விளையாட்டு குழவிப் பருவத்தோடு ஒழிவதன்று, வாழ்நாள் முழுதும் துணைநிற்க வல்லது என்பதை இங்கே ஆராய்வோம்.

கட்டி விளையாடும் வேட்கை நம் நாட்டுக்குப் புதியதன்று. பண்டைத் தமிழ்ச் சிறுமியர் ஆற்று மணலிலும் கடற்கரை மணலிலும் சிறு வீடு கட்டி விளையாடினர். சிற்றில் என்பது அதன் பெயர். சங்க நூல்கள் இதனைப் பலவிடத்தும் குறிப்பிடுகின்றன. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாத மூன்று சக்கரத் தேரை உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை கூறும். தச்சர் மக்களும் கண்டு விரும்பும் வண்ணம் செய்யப்பட்ட சிறு தேரினைப் பெரும்பாணாற்றுப்படை காட்டும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. அவற்றுள் சிற்றிற் பருவத்தில், தாங்கள் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டாவென்று சிறுமியர் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையை வேண்டி நிற்பர். அவ்வீடு வெறும் மணலே எனினும், தம் கையால் ஆக்கிய பொருளின்மேல் மனிதருக்கு உண்டாகும் பற்றினை அவ்வேண்டுகோள் நமக்கு உணர்த்துகின்றது அன்றோ?

இனி, சேலம், நாமக்கல் சமவெளியைக் காண்போம். காவிரி நீர் எட்டாத ஊர்களில் சோளமும் நிலக்கடலையும் விளையும். வரப்புகளில் பனைகள் நிற்கும். அறுவடை முடிந்த காட்டில் சிறுவர்க்குக் கிடைக்கும் சோளத்தட்டே அவர்களுடைய கட்டுமானப் பொருள். தட்டின் மேற்பட்டையை உரித்தால் மெல்லிய, வலிய சிம்புகள் கிடைக்கும். உள்ளே வெண்மையான நெட்டி இருக்கும். நெட்டியை அளவாக நறுக்கி, சிம்பினை ஆணியாகச் செருகி, வண்டியும் வீடும் மூக்குக் கண்ணாடியும் செய்வர். பட்டையின் விளிம்பு கையை அறுக்கும். ஆதலின் மெல்ல உரித்தல் வேண்டும் என்னும் பொறுமையையும் சோளத்தட்டே கற்பிக்கும். நுங்கு தின்ற பின் எஞ்சும் கூந்தல் இரண்டினைக் குச்சியால் இணைத்து, கவைக்கோலால் தள்ளினால் அது நுங்கு வண்டி. இவற்றில் ஒன்றற்கேனும் காசு வேண்டுவதில்லை.

இச்சமவெளியில் பெரியோர் செய்யும் தொழிலும் இத்தகையதே. நாமக்கல் பட்டறைகளுக்கு லாரியின் அடிச்சட்டமும் எந்திரமும் வந்து சேரும். அதன்மேல் தச்சரும் கொல்லரும் வண்ணம் தீட்டுவோரும் கூடி, மரத்தாலும் இரும்பாலும் உடலை அமைப்பர். இதனைப் 'பாடி கட்டுதல்' என்றே அங்குள்ளோர் வழங்குவர். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளை அமைக்கின்றனர். சோளத்தட்டு வண்டிக்கும் சாலையில் விரையும் லாரிக்கும் அளவில் வேறுபாடு மிகப் பெரிது. ஆனால் உறுப்புகளை அளந்து, பொருத்தி, இறுக்கி, முழுமை ஆக்கும் அறிவு இரண்டிற்கும் ஒன்றே.

விளையாட்டுக் கட்டைகளைக் கல்விக்கு உரிய கருவியாக அமைத்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய அறிஞர் பிரடெரிக் புரோபெல் (1782–1852) ஆவார். அவர் 1837ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர்க்கான நிலையம் ஒன்றை நிறுவி, 1840இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்னும் பெயரைச் சூட்டினார். எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் மரக்கட்டையும், செங்கல் வடிவான எட்டுத் துண்டுகளாகப் பிரியும் மரக்கட்டையும் அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்களுள் சிறந்தவை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிடு ரைட், தாம் இளமையில் புரோபெல் கட்டைகளோடு விளையாடியதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியோடு குறிப்பிட்டுள்ளார். இத்தாலிய நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார், 1 சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை படிப்படியாக வளரும் பத்துக் கனசதுரங்களை அடுக்கும் பயிற்சியை அமைத்தவர். அவர் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். எனவே, இக்கல்விமுறையில் நம் மாநிலத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு.

மரக்கட்டைகளில் ஒரு குறை உண்டு. அவை அடுக்கினால் நிற்கும், தட்டினால் விழும். ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் கல் வேண்டும் என்னும் எண்ணம் பலருக்குத் தோன்றிற்று. அதனைச் செம்மையாக முடித்தது டென்மார்க்கு நாட்டிலுள்ள பில்லுண்டு என்னும் சிற்றூராகும். ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்னும் தச்சர், உலகெங்கும் வாணிகம் தாழ்வுற்ற 1932ஆம் ஆண்டில், வீடு கட்டும் வேலை குறைந்தமையால், மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1934இல் தம் நிலையத்திற்கு 'லெகோ' எனப் பெயரிட்டார். 'நன்கு விளையாடு' எனப் பொருள்தரும் இரண்டு டேனிய மொழிச் சொற்களின் சுருக்கம் அது. 1942இல் தீ விபத்தில் அவருடைய பட்டறை எரிந்தது. அவர் மீண்டும் கட்டினார். 1949இல் பிளாஸ்டிக் கற்கள் அங்கே உருவாயின. இங்கிலாந்தில் ஹிலாரி பேஜ் என்பவர் முன்னரே செய்த கற்களை ஒட்டி அவை அமைந்தன.

அக்கற்களின் மேற்புறத்தில் குமிழ்கள் இருந்தன. உட்புறமோ வெறுமையாக இருந்தது. அதனால் பிடிப்புப் போதவில்லை. 1958ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள், உட்புறத்தில் குழல்கள் அமைந்த கல்லுக்கு உரிமை கோரப்பட்டது. மேற்கல்லின் குழலும் சுவரும் கீழ்க்கல்லின் குமிழை மூன்று பக்கங்களில் அழுத்திப் பிடிக்கும். பிளாஸ்டிக் மிகச் சிறிதளவு நெகிழ்ந்து மீளுதலால் அப்பிடி இறுகும். சிறுவன் கை எளிதிற் பிரிக்குமாறும், தானே கழன்று விழாதவாறும் அப்பிடி அமைந்ததே அதன் நுட்பம். 1958இல் வார்த்த கல்லும் இவ்வாண்டு வார்க்கும் கல்லும் இன்றும் ஒன்றோடொன்று பொருந்தும். பாட்டன் விளையாடிய கல்லின்மேல் பெயர்த்தி தன் கல்லை வைக்கலாம் என்றால், அதன் அளவு எத்துணை வழுவாது காக்கப்பட்டுள்ளது என்பதை எண்ணிப் பாருங்கள்!

ஒரே கல்லைக் கொண்டு வாழ்நாள் முழுதும் விளையாடினால் சலிப்பு உண்டாகாதோ என வினவலாம். கணக்கு அதற்கு விடை கூறும். எட்டுக் குமிழ்கள் உடைய, ஒரே நிறக் கற்கள் இரண்டினை 24 வகையாக இணைக்கலாம்; மூன்றினை 1,060 வகையாக இணைக்கலாம். ஆறு கற்களை இணைக்கும் வகைகள் 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 ஆகும் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோரன் ஐலர்ஸ் என்னும் கணித அறிஞர் கணக்கிட்டார். ஆறே கற்களுக்கு இத்துணை வகை உண்டெனின், ஒரு கூடை கற்களை எவர் தம் ஆயுளில் முடிக்க வல்லார்? சில எழுத்துகளைக் கொண்டு எண்ணற்ற சொற்களை ஆக்கும் மொழியைப் போன்றது இது.

இவ்விளையாட்டினைப் பெரியோர் மேற்கொண்டால் எள்ளி நகைப்பவர் உளர். அவர்கள் ஒரு வரலாற்றை அறிதல் நன்று. லிவர்ப்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901இல் துளையிட்ட இரும்புப் பட்டைகளைத் திருகாணியால் இணைக்கும் விளையாட்டினைப் படைத்தார். பின்னர் அது மெக்கானோ எனப் பெயர் பெற்றது. 1934ஆம் ஆண்டில் மாஞ்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்னும் பேராசிரியரும், ஆர்தர் போர்ட்டர் என்னும் மாணவரும், பெரும்பாலும் மெக்கானோ உறுப்புகளைக் கொண்டே, கடினமான வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு விடை காணும் கணக்குப் பொறி ஒன்றை அமைத்தனர். ஏறத்தாழ 20 பவுன் செலவில் அமைந்த அப்பொறி உண்மையான ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது. விளையாட்டுப் பெட்டியைப் பேராசிரியர் திறந்தமையால் கணிதம் இழுக்குற்றதா? இல்லை, சிறப்புற்றது. இன்று லெகோ நிறுவனமே 2020ஆம் ஆண்டு முதல் '18 வயதுக்கு மேற்பட்டோர்க்கு' என்று குறித்த பெட்டிகளை வெளியிட்டு வருகின்றது.

இத்தகைய பெட்டிகளின் விலை நம்மவர் பலருக்கு எட்டாதது என்பது உண்மையே. வடமொழியில் சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் நாடகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசஞ் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' எனத் தமிழில் ஆக்கினார். அதில் அயல்வீட்டுச் சிறுவனின் பொன்தேரைக் கண்ட சிறுவன் ஒருவன், தன் மண்தேரை வெறுத்து அழுகின்றான். வசந்தசேனை தன் அணிகலன்களை அதில் இட்டு நிரப்பி அவனைத் தேற்றுகின்றாள். அணிகலன் இட்டதால் மண் பொன்னாகவில்லை. தேருக்கு அழகு உருளுதலே. உருட்டும் சிறுவனுக்கு மண்ணும் பொன்னும் ஒன்றே. ஆதலின் விலையுயர்ந்த கற்களை வேண்டிப் பெற்றோரை வருத்துதல் கூடாது.

பொருள் குறைந்தோர்க்கு வழி காட்டியவர் அரவிந்து குப்தா. கான்பூர் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற இப்பொறியியலாளர், 1978ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத்தில் நடந்த கிராமப்பள்ளி அறிவியற் பணியிற் சேர்ந்தார். தீக்குச்சியையும், மிதிவண்டியின் வால்வு ரப்பர்க் குழாயையும் கொண்டே அவர் ஒரு கட்டுமான விளையாட்டினை அமைத்தார். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. நீங்களும் இதனைச் செய்து காணலாம். மருந்து நீக்கிய தீக்குச்சிகளின் முனைகளைச் சிறு ரப்பர்க் குழாய்த் துண்டுகளிற் செருகி, ஒரு சதுரமும் ஒரு முக்கோணமும் செய்யுங்கள். விரலால் அழுத்தினால் சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகும். முக்கோணமோ அசையாது நிற்கும். சதுரத்தின் மூலைவிட்டமாக நீளமான குச்சி ஒன்றைச் செருகினால் அதுவும் அசையாது நிற்கும். இரயில் பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் இரும்புச் சட்டங்கள் குறுக்கும் மறுக்கும் செல்வது ஏன் என்பது அப்பொழுதே விளங்கும். நூலில் பத்து முறை படித்தும் மனத்திற் பதியாத உண்மை, விரல் ஒருமுறை தொட்ட அளவில் பதிந்துவிடும்.

மதிப்பெண் ஒன்றே குறிக்கோளாகக் கொண்டு, இரவும் பகலும் படிப்பினை மட்டுமே நடத்தும் விடுதிப் பள்ளிகள் நம் பகுதியில் மிகுதி. கல்வி வேண்டும், உழைப்பும் வேண்டும். ஆயினும், ஈராண்டுக் காலம் கையால் ஒன்றையும் செய்யாத மாணவன், தேர்விற்குப் பின் நூலையும் மூடி, ஓய்வை எவ்வாறு கழிப்பது என்று அறியாது மயங்குகின்றான். பொழுதை விழுங்கும் கைபேசி அவனை எளிதிற் பற்றிக்கொள்கின்றது. நாடோறும் அரைமணி நேரம் கட்டி விளையாடுவதால் மதிப்பெண் குறைந்துவிடாது. களைத்த உள்ளம் தெளிவுறும். அடுத்த பாடம் எளிதாகும்.

மேலும், இவ்விளையாட்டு கற்பிக்கும் பண்புகள் சில உள்ளன. கீழ்வரிசை கோணினால் மேல்வரிசையும் கோணும். ஆதலின் அடித்தளத்தில் கருத்து வேண்டும். ஒரு வரிசையின் மூட்டுக்கு நேராக மேல்வரிசையின் மூட்டும் வந்தால் சுவர் பிளக்கும். கொத்தனார் செங்கல்லை மாற்றி மாற்றி அடுக்குவது இதனால்தான். பிழை நேர்ந்தால் கண்ணீர் வேண்டுவதில்லை. பிழைபட்ட இடம் வரை பிரித்து, மீண்டும் கட்டலாம். கட்டியதைப் பிரிக்கவும் மனம் பழக வேண்டும். நேற்றைய கோபுரத்தைப் பிரித்தாலன்றி இன்றைய பாலத்திற்குக் கல் கிடையாது. இவற்றை அறுபது வயதிலும் மறவாதிருத்தல் நலம் அன்றோ?

இக்கலையைப் பழக விழைவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். முதலிற் பிறர் வரைந்த படத்தைப் பார்த்துக் கட்டுக. பின் படமின்றிக் கட்டுக. அதன்பின் நம் ஊர்ப் பொருள்களை நோக்கிக் கட்டுக. நாமக்கல் மலைக்கோட்டையின் மதிலும், 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையும், சேலத்து உருக்காலையும், வயலோரக் கிணற்று மேடும் உங்களுக்கு ஏற்ற பாடங்கள். கட்டியவுடன் துண்டுகளை எண்ணிப் பெட்டியில் வைக்கவும். சிறு துண்டுகளைக் குழந்தைகள் விழுங்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். தம்பி தங்கையரையும், இயன்றால் பாட்டன் பாட்டியரையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். நவராத்திரிக் கொலுவில் படியருகே சிறு ஊரும் பூங்காவும் குளமும் அமைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அங்கே முதியோரும் சிறாரும் ஒருங்கே அமர்ந்து கட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

மாணவர்களே! எத்தொழிலை மேற்கொள்ளினும், எவ்வூரில் வாழினும், கையால் ஒன்றை ஆக்கி மகிழும் பழக்கத்தைக் கைவிடாதீர்கள். சோளத்தட்டாயினும் ஆகுக, தீக்குச்சியாயினும் ஆகுக, வண்ணக் கற்களாயினும் ஆகுக. ஆக்கும் கை சோம்பாது; ஆக்கும் உள்ளம் முதுமையிலும் தளராது.