லேத்தில் விரல் போனால் யார் பொறுப்பு?

கோவை கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பம்பு, மோட்டார் உதிரிப்பாகங்கள் கடையும் லேத் பட்டறைகள் ஏராளம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் ஜாப் கழிவுக்குப் போய்விடும். அந்த நுட்பம் டர்னரின் விரல்களில் இருக்கிறது. விரல் போனால் பிழைப்பும் போகிறது. விபத்து நடந்ததும் அவர் காதில் விழுவது, "நீ கவனமா இருந்திருக்கணும்" என்ற பேச்சுதான். அதைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டாம். கவனம் பிசகியது என்பதற்காக மட்டும் இழப்பீட்டை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை.

ஆபத்து எங்கே?

சுழலும் சக் அருகே கையுறை, தொளதொள சட்டை, மோதிரம், கைக்கயிறு எதுவும் கூடாது. கையுறை மாட்டிக்கொண்டால் கையோடு சேர்த்து உள்ளே இழுத்துவிடும். சக் சாவியை எடுக்காமல் சுவிட்சைப் போட்டால் அது தெறித்து வந்து ஆளைத் தாக்கும். ஓடும் ஜாப்பில் எமரித் தாளைக் கையால் பிடிக்காதீர்கள். சுருள் பிசிறை, மிஷினை நிறுத்திவிட்டுக் கொக்கியால் எடுங்கள். கிரைண்டரில் டூல் பிடிக்கக் கண்ணாடி கட்டாயம். மிஷினுக்குப் பாதுகாப்பு மூடியும் கண்ணாடியும் தருவது முதலாளியின் கடமை.

விரல் துண்டானால்

துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலில் ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. 108-ஐ அழைத்து, விரலை ஒட்டவைக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள்.

என்ன கிடைக்கும்?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் பட்டறையில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பணிக்காயப் பலன் உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு வரும். நிரந்தர ஊனத்துக்கு மாத உதவித்தொகை உண்டு. கட்டைவிரல் முழுதும் போனால் 30, ஆள்காட்டி விரலுக்கு 14 விழுக்காடு சம்பாதிக்கும் திறன் இழப்பு எனச் சட்ட அட்டவணை கணக்கிடுகிறது. முதலாளி பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் முறையிடலாம்.

இஎஸ்ஐ வரம்புக்குள் வராத சிறு பட்டறை என்றால், முதலாளியே இழப்பீடு தரவேண்டும். தொழில் பழகுநருக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால் குடித்திருந்தாலோ, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியிருந்தாலோ முதலாளி மறுக்க வாய்ப்புண்டு. ஆகவே அவசர ஆர்டர் என்று சொன்னாலும் மூடியைக் கழற்றாதீர்கள்.

உடனே செய்யவேண்டியது

"மிஷினில் அடிபட்டது" என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்; "வீட்டில் விழுந்தார்" என்று எழுதவிட்டால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். பட்டறையின் விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்யுங்கள். சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, உடனிருந்தவர்களின் பெயர்கள், மிஷினின் படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். கையில் கொஞ்சம் பணம் தந்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

இஎஸ்ஐ இல்லாதவர்கள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் தாமதிக்காமல் மனுக் கொடுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-ஐ அழைத்தால் இலவசச் சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள். இழப்பீடு முதலாளி இரங்கித் தரும் உதவி அல்ல. உங்கள் உழைப்புக்குச் சட்டம் தந்த உரிமை. தயங்காமல் கேளுங்கள்.