தங்லுங் சிவப்பு

ஒளியைத் தேடி – 11

போன வாரம் லென்ஸோடு நிறுத்தியிருந்தேன். படம் எடுத்தாயிற்று, இனி அதைத் திறக்க வேண்டும். என் நண்பரின் மகன் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

தம்பிக்கு ஊர் ஜெஞ்சாரோம். வார நாளில் கிள்ளானில் வேலை, சனி ஞாயிறில் கல்யாணப் படம். சேர்த்து வைத்த வெள்ளியில் புதுக் கேமரா வாங்கி, சீனப் பெருநாளுக்கு டோங் சென் ஆலயத்தில் அதற்குப் பிள்ளையார் சுழி போட்டார். தைவானின் ஃபோ குவாங் ஷான் பௌத்த அமைப்பைச் சேர்ந்த ஆலயம் அது. பெருநாள் சமயத்தில் ஆயிரக்கணக்கான தங்லுங் விளக்குகள் எரியும். பந்திங் சாலை நெரிசலில் திணறும். நானூறு படத்தோடு வீட்டுக்கு வந்தவர் மறுநாள் காலையில் எனக்குப் போன் போட்டார்.

"அங்கிள், கேமராவில படம் தெரியுது. லாப்டாப்ல திறக்க மாட்டேங்குது."

"எல்லாமேவா?"

"ஜேபெக் திறக்குது. ரா மட்டும்தான் முடியல."

ரா என்றால் என்னவென்று தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது சுலபம். மரத்திலிருந்து வடிந்த பால் அது. அமிலம் ஊற்றி உறைய வைத்து, அச்சில் பிழிந்து, புகைக்கூடத்தில் காயப்போட்ட ஷீட்டுதான் ஜேபெக். ஷீட்டை மறுபடி பாலாக்க யாராலும் முடியாது. கணக்கில் சொன்னால், 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 படிகள் உண்டு; ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிதான்.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு கேமரா நிறுவனத்துப் பாலும் வேறு வேறு. ஒரே நிறுவனம்கூட நடுவில் மாற்றிக்கொள்ளும். கேனான் 2004 முதல் சிஆர்2 என்ற வடிவத்தை வைத்திருந்தது. 2018-இல் இஓஎஸ் எம்50 கேமராவோடு சிஆர்3-க்குத் தாவியது. புது மாடல் வரும்போதெல்லாம் மென்பொருள்காரர்கள் அதற்கான வழியைச் சேர்த்தாக வேண்டும். சேர்ப்பதை நிறுத்திவிட்டால், ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் உங்கள் புதுக் கேமராவுக்குக் கதவைத் திறக்காது. அடோபியின் லைட்ரூம் 6 இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். 2015-இல் வந்த அதுதான் ஒரே விலைக்கு விற்கப்பட்ட கடைசி லைட்ரூம். 2017 டிசம்பரோடு அதற்குப் புதுப்பிப்பு நின்றது. அதன்பின் சந்தா மட்டும்தான்.

தம்பியிடம் இருந்ததும் அப்படியொரு பழைய மென்பொருள்தான். உடனடி மருந்து ஒன்று உண்டு. அடோபி 2004-இல் டிஎன்ஜி என்ற பொது வடிவத்தை வெளியிட்டது. புது ரா கோப்பை டிஎன்ஜியாக மாற்றித் தரும் கருவியை இன்றும் இலவசமாகவே தருகிறது. மாற்றிக் கொடுத்தால் பழைய மென்பொருளும் திறந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இரண்டாயிரம் படத்தை மாற்றிக்கொண்டு உட்கார முடியுமா?

எனவே புது மென்பொருள். தம்பி விமர்சனக் காணொளிகளைப் பார்த்துப் பார்த்துக் குழம்பியிருந்தார். காணொளியை மூடச் சொன்னேன். தங்லுங் படங்களிலேயே ஆக மோசமான ஒன்றை எடுத்து எல்லா மென்பொருளிலும் திறந்து பார்ப்பது என்று முடிவு.

சிவப்பு விளக்குதான் ராவுக்குச் சரியான பரீட்சை. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1970-களில் வகுத்த வடிகட்டி அமைப்பைத்தான் இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை வைத்திருக்கின்றன. அதில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி நீலத்துக்கு, மீதிக் கால்வாசிதான் சிவப்புக்கு. சுத்தச் சிவப்பு ஒளியில் நான்கு புள்ளிகளில் ஒன்றுதான் உருப்படியாக வேலை செய்கிறது. மற்ற மூன்றின் இடத்தையும் மென்பொருள் ஊகித்து நிரப்ப வேண்டும். அந்த ஊகத்தில்தான் கெட்டிக்காரத்தனம். ஒரு மென்பொருளில் விளக்கின் காகித மடிப்பு தெரிந்தது. இன்னொன்றில் தக்காளி சாஸ் கொட்டியதுபோல ஒரே அப்பல். நம் கோயில் திருவிழாவின் சிவப்பு சீரியல் பல்புக்கும் இதே கதைதான்.

முதலில் கேமரா நிறுவனமே தரும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். கேனானுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். எல்லாம் இலவசம். கேமராவின் பின்திரையில் பார்த்த அதே நிறம் அப்படியே வரும். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது சின்ன விஷயமில்லை: வேறு மென்பொருள் தன் கணக்குப்படி நிறம் தரும்போது, மணப்பெண்ணின் முகம் வெளிறியோ மஞ்சளடித்தோ போவதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக ரா பழகுகிறவர்கள் இதிலேயே இரண்டு மாதம் இருக்கலாம் என்பது என் கட்சி. வேகம்தான் கொஞ்சம் குறைவு.

அடுத்து இலவசமாகவே கிடைக்கும் டார்க்டேபிள், ராதெரபி. டேவ் காஃபின் என்ற தனி மனிதர் 1997-இல் எழுதத் தொடங்கிய டிசிரா என்ற சிறு நிரலுக்கு இந்த உலகம் பட்ட கடன் பெரிது; நிறுவனங்கள் மூடி வைத்த வடிவங்களை ஒவ்வொன்றாக உடைத்துப் படித்தவர் அவர். டார்க்டேபிளில் எல்லாம் இருக்கிறது. அதுதான் தொல்லையும். தம்பி அரை மணி நேரத்தில் "தலை சுத்துது அங்கிள்" என்றார்.

கடைசியில் கல்யாண வேலைக்கு லைட்ரூம் கிளாசிக் சந்தாதான் என்று ஆனது. ஒரு படத்தில் செய்த திருத்தத்தை ஒரே தட்டில் ஆயிரம் படத்துக்குப் பரப்பும் வசதி வேறெங்கும் அவர் கைக்குப் பழகவில்லை. சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. நிறுத்திய பிறகும் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். ரா கோப்புகள் உங்கள் வட்டில் பத்திரமாக இருக்கும். ஆனால் செய்த திருத்தங்கள் இன்னொரு மென்பொருளில் அப்படியே ஏறாது. முடித்த படங்களை டிஃப் அல்லது ஜேபெக் ஆக்கித் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.



புது மென்பொருள் கையில் வந்ததும் தம்பி பழைய வட்டைத் தோண்ட ஆரம்பித்தார். 2018 படங்கள். அந்த ஆண்டு சீனா வெளிநாட்டு நெகிழிக் கழிவுக்குக் கதவைச் சாத்த, கப்பல்கள் இந்தப் பக்கம் திரும்பின. ஜெஞ்சாரோமைச் சுற்றி உரிமமில்லாத ஆலைகள் முளைத்து, எரித்த நாற்றத்தில் ஊரே இருமியது. மக்கள் திரண்டு முறையிட்ட பிறகுதான் பல ஆலைகளை மூடினார்கள். செம்பனைத் தோட்டத்துக்கு மேலே சாம்பல் நிறமாகத் தொங்கும் காலை ஒன்றைத் தம்பி அப்போது ராவில் எடுத்து வைத்திருந்தார்.

லைட்ரூமில் 'டீஹேஸ்' என்றொரு ஸ்லைடர் இருக்கிறது, மூட்டத்தை விலக்க. விளையாட்டாக அதை வலப்பக்கம் இழுத்தார். சாம்பல் கரைந்து வானம் நீலமானது; மரங்கள் கழுவிவிட்டதுபோல நின்றன. தேத்தண்ணீர் கொண்டுவந்த அவர் அம்மா திரையை எட்டிப் பார்த்தார்.

"இது எந்த ஊருடா?"

(தொடரும்)