கடலுக்குப் பக்கத்திலே நல்ல தண்ணீர் எப்படி?



நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்துக்கு வடக்கே புஷ்பவனம் கடற்கரை இருக்கிறது. அமைதியான இடம். நீளமான மணல், கரையேற்றிய படகுகள், பின்னால் அடம்புக்கொடி படர்ந்த மணல்மேடு. பார்க்க அழகுதான். ஆனால் நாம் பேசப்போவது மேட்டுக்கு அடியில் இருக்கும் தண்ணீரைப் பற்றி.

இப்படிப்பட்ட கரையில் மணலைத் தோண்டினால் சில அடியிலேயே நல்ல தண்ணீர் ஊறும். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அது ஏன் உப்புக் கரிப்பதில்லை?

மணல்மேட்டில் பெய்யும் மழை வழிந்து ஓடாது, அப்படியே உள்ளே இறங்கிவிடும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு. அதனால் அடியில் இருக்கும் கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடி குறைந்தால், உப்பு 40 அடி ஏறி வரும்! மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தாலும் இதே கதிதான். ஏறின உப்பு இறங்கப் பல மழைக்காலம் ஆகும். அதுவரை குடத்தோடு நடப்பது யாரு? நாமதானே.

"வீட்டு வேலைக்கு நாலு வண்டி மணல் எடுத்தா என்னங்க?" என்று கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி, மணல் விற்கிற விலை நமக்கும் தெரியும். ஆனால் நாலு வண்டி எடுத்த இடத்தில் பள்ளம் விழும். காற்று அதை அகலமாக்கும். புயல் நேரத்தில் கடல் அந்த வழியாகத்தான் வயலுக்கும் கிணற்றுக்கும் நுழையும். 2018 நவம்பரில் கஜா புயலின்போது கடல் பொங்கி புஷ்பவனம் கரையில் சேற்றைக் குவித்ததை அந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை.

மேட்டைக் கட்டுவதும் காப்பதும் அடம்பும் ராவணன் மீசையும்தான். பறந்து வரும் மணல் இவற்றில் தட்டி நின்று மேடாகிறது. குப்பைச்செடி என்று நாமே பிடுங்கிப் போடுகிறோம்!

மணல்மேட்டை வெட்டிச் சமப்படுத்த, 1991-லேயே மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை தடை போட்டது. 2019 அறிவிக்கையிலும் மணல்மேட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. உங்கள் ஊரில் மேட்டை வெட்டினால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுக்கலாம்.

கிணற்றுத் தண்ணீர் ருசி மாறினாலோ, பருப்பு வேக வழக்கத்தைவிட நேரமானாலோ, குழுவின் தீர்மான நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மனுவோடு அதையும் காட்டலாம்.